தைனானில் மூன்று இரவு: எதை எப்போது சாப்பிடுவது, இடையில் எங்கே போவது

தைவானுக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் தைபேயில் நான்கைந்து நாள் இருந்துவிட்டு, நேரம் மிஞ்சினால் தெற்கே ஒரு நாள் வந்து தைனானைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். காலை பத்தரைக்கு வந்து இறங்கி, ஊரே கொண்டாடும் ஒரு சூப்புக் கடையைத் தேடிப்பிடித்தால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, உள்ளே அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். விடிகாலை ஐந்து மணிக்குத் திறந்த கடையாம், அன்றைய சரக்கு தீர்ந்துவிட்டதாம். மதியம் இரண்டரைக்கு வேறொரு கடைக்குப் போனேன், அதுவும் அடைப்பு, இனி ஐந்து மணிக்குத்தான். அன்று ஒன்று புரிந்தது. இந்த ஊரில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேளை உண்டு. எதைப் பார்ப்பது என்று பட்டியல் போடுவதற்கு முன்னால் எதை எந்த வேளையில் சாப்பிடுவது என்று தீர்மானித்துவிட வேண்டும். கோயிலும் கோட்டையும் அந்த வேளைகளுக்கு நடுவே தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும், ஏனென்றால் பழைய ஊர் சின்னது, நடந்தே போகும் தூரம்.

அந்த மாதிரி மூன்று இரவு, நான்கு பகலுக்கான திட்டம்தான் இது. புதன் மதியம் போய்ச் சேர்ந்து சனிக்கிழமை கிளம்புவதாக வைத்து எழுதியிருக்கிறேன். கிழமைக்குக் காரணம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

எந்த மாதம், எந்தக் கிழமை

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். மழை குறைவு, வெயில் இதமாக இருக்கும், நாள் முழுக்க நடக்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை புழுக்கம் கடுமை, நடுவில் புயலும் வரும். ஆனால் மாம்பழத்துக்காகப் போகிறவர்கள் ஜூன், ஜூலையில்தான் போக வேண்டும். தைனானைச் சேர்ந்த யூஜிங் என்ற மலையடிவார ஊர்தான் தைவான் மாம்பழத்தின் தலைமையிடம், அந்தச் சமயத்தில் சந்தை முழுக்கச் சிவந்த தோல் மாம்பழம் கூடை கூடையாக இறங்கும். சீனப் புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பாதிக் கடை விடுமுறை, திறந்திருக்கும் மீதிப் பாதியில் கூட்டம் நெரியும்.

இப்போது கிழமை. தைனானின் இரவுச் சந்தைகள் தினமும் ஒரே இடத்தில் நடப்பதில்லை, நம் ஊர் வாரச்சந்தை மாதிரி கிழமைக்கு ஓரிடம். ஊர்க்காரர்கள் இதை மறக்காமல் இருக்க 'தா தா வூ ஹுவா தா வூ ஹுவா' என்று ஏழு அசையில் பாட்டுப்போல் சொல்லி வைத்திருக்கிறார்கள், திங்களில் தொடங்கி ஞாயிறு வரை. 'தா' என்றால் தாதோங் சந்தை, 'வூ' என்றால் வூஷெங், 'ஹுவா' என்றால் ஹுவாயுவான், அதாவது பூந்தோட்டச் சந்தை. இதில் பெரியது பூந்தோட்டம்தான்; வியாழன், சனி, ஞாயிறு மட்டும் கூடும் (பாட்டில் சனிக்கு வூஷெங் வந்தாலும் அன்று இரண்டும் உண்டு). சனி ஞாயிறில் அங்கே தள்ளுமுள்ளு, ஆகவே வியாழன் நல்லது. அருங்காட்சியகங்கள் பல திங்களன்று மூடியிருக்கும், ஊருக்கு வெளியே இருக்கும் ச்சிமெய் அருங்காட்சியகம் புதனன்று மூடல். இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் புதனில் வந்து சனியில் கிளம்புவதுதான் கச்சிதமாகப் பொருந்துகிறது.

போய்ச் சேர்வது

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். சென்னையிலேயே தைபே பொருளாதார, பண்பாட்டு மையம் இருக்கிறது, அங்கே விண்ணப்பிக்கலாம். அமெரிக்கா, பிரிட்டன், ஷெங்கன், ஜப்பான் போன்ற சில நாடுகளின் விசா வைத்திருந்தால் இணையத்திலேயே இலவசமாகப் பயண அனுமதிச் சான்று கிடைக்கும் ஓர் ஏற்பாடும் உண்டு. நிபந்தனைகள் மாறுவதால் டிக்கெட் போடுவதற்கு முன் அரசாங்கத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தாவோயுவான் விமான நிலையத்தில் இறங்கினால் தைபேக்குள் போகவே வேண்டாம். விமான நிலைய மெட்ரோவில் ஏறித் தாவோயுவான் அதிவேக ரயில் நிலையத்துக்குப் போங்கள், 20 நிமிடத்துக்குள் வந்துவிடும். அங்கிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரத்தில் தைனான். சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாக வருகிறவர்கள் நேராகக் காவோசியுங் விமான நிலையத்துக்கு டிக்கெட் கிடைக்கிறதா என்று பாருங்கள், அது இன்னும் பக்கம். மெட்ரோ சிவப்புத் தடத்தில் காவோசியுங் ரயில் நிலையம், அங்கிருந்து சாதாரண ரயிலில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அதிவேக ரயிலின் 'தைனான்' நிலையம் ஊருக்குள் இல்லை, வெகு தூரம் தள்ளி வயல்வெளியில் இருக்கிறது. இறங்கியதும் டாக்ஸிக்கு ஓடாதீர்கள். நிலையத்தை ஒட்டியே ஷாலுன் என்ற சாதாரண ரயில் நிலையம் இருக்கிறது, அங்கே ஏறினால் சுமார் 25 நிமிடத்தில் ஊர் நடுவே இருக்கும் பழைய தைனான் நிலையத்தில் இறங்கலாம். கட்டணமும் குறைவுதான். ஒரு தைவான் டாலர் இரண்டரை முதல் மூன்று ரூபாய் வரை என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வந்ததும் ஏதாவது ஒரு சிறுகடையில், செவன் இலெவன் போன்ற இடத்தில், ஈஸிகார்டு ஒன்று வாங்கிவிடுங்கள். ரயில், பஸ், சிறுகடை எல்லாவற்றுக்கும் அதுவே போதும். ஆனால் நாம் சாப்பிடப்போகும் கடைகளில் பாதிக்குமேல் ரொக்கம்தான், 100 டாலர் தாள்களாகக் கையில் வைத்திருங்கள். மின்சாரம் அங்கே 110 வோல்ட், தட்டையான இரண்டு முள் பிளக்.

எங்கே தங்குவது

மத்திய மேற்கு வட்டாரம். வேறு யோசிக்க வேண்டாம். பழைய வீடுகளைச் செப்பனிட்டு விருந்தினர் தங்கும் இல்லங்களாக மாற்றியிருக்கிறார்கள், சந்துக்குள் சந்தாக, மரப் படிக்கட்டும் மொசைக் தரையுமாக இருக்கும். மாடிப்படி செங்குத்தாக இருப்பதால் பெரியவர்களைக் கூட்டிப் போனால் கீழ்த்தள அறை கேட்டு வாங்குங்கள். குவோஹுவா தெருவிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தால் விடிகாலையில் எழுந்து சாப்பிடப் போகச் சோம்பல் வராது.

நடக்கும்போது கவனம் தேவை. நடைபாதை என்று தோன்றுவது கடைவாசல் தாழ்வாரம், அதில் பாதியில் ஸ்கூட்டர்கள் நிற்கும், அடுத்த கடையின் தரை நான்கு அங்குலம் ஏறியோ இறங்கியோ இருக்கும். குப்பைத்தொட்டிகள் தெருவில் மிகக் குறைவு, பையில் ஒரு கவர் வைத்திருங்கள். மாலையில் பீத்தோவன் இசையைப் போட்டுக்கொண்டு ஒரு வண்டி வந்தால் அது ஐஸ்கிரீம் வண்டி இல்லை, குப்பை வண்டி. ஜனங்கள் கையில் பையோடு ஓடி வருவார்கள்.

சாப்பிட உட்காருவதற்கு முன்

இந்த ஊர்ச் சாப்பாட்டின் உயிரே சின்னக் கிண்ணம்தான். டான்ட்ஸை நூடுல்ஸின் கதையைச் சொன்னால் உடனே விளங்கும். 1895-இல் ஹோங் யூடோவ் என்ற மீன்பிடிக்காரர், புயல் மாதங்களில் படகில் போக முடியாமல், தோளில் தண்டு போட்டு இரண்டு பக்கமும் அடுப்பும் பாத்திரமும் தொங்கவிட்டு நூடுல்ஸ் விற்க ஆரம்பித்தார். தோள் தண்டுக்குத்தான் 'டான்' என்று பெயர். விளக்கில் அவர் எழுதி வைத்த வாசகத்துக்கு 'மந்த மாதத்தைக் கடத்துவோம்' என்று பொருள். அது பசி அடங்கச் சாப்பிடும் சாப்பாடு இல்லை, நடுவே கொஞ்சம் ருசிக்கிற சாப்பாடு. இன்றும் கிண்ணம் நாலு வாய்தான்: கொஞ்சம் நூடுல்ஸ், வெந்து வெந்து கறுத்த பன்றிக் கொத்துக்கறி, ஒரே ஒரு இறால், பூண்டு, கொத்தமல்லி. 'இவ்வளவுதானா' என்று கேட்டு இரண்டாவது கிண்ணம் வாங்காதீர்கள். எழுந்து அடுத்த கடைக்கு நடங்கள், ஊர்க்காரர்கள் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள்.

இரண்டாவது விஷயம் இனிப்பு. தைனான் சமையல் தைவானிலேயே இனிப்பு அதிகம். டச்சுக்காரர் காலத்திலிருந்தே சர்க்கரை விளைந்து கப்பலேறிய மண், சர்க்கரை போடுவது விருந்தாளிக்கு மரியாதை என்று அது ருசியிலேயே ஊறிவிட்டது. முதல் நாள் நாக்குக்கு அந்நியமாக இருக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும். காரம் வேண்டுமென்றால் மேஜையில் மிளகாய்ச் சாந்து இருக்கும், கேட்டாலும் கொடுப்பார்கள். தேநீர்க் கடையில் மட்டும் 'பான் தாங்' என்று சொல்லிவிடுங்கள், பாதிச் சர்க்கரை. 'ஷாவ் பிங்' என்றால் ஐஸ் குறைவாக.

ஆர்டர் கொடுப்பது பெரும்பாலும் சீட்டில்தான். மேஜையில் அச்சடித்த சீட்டும் பென்சிலும் இருக்கும், வேண்டியதற்கு நேரே எண்ணிக்கை எழுதி, மேஜை எண்ணையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சீனம் தெரியாவிட்டால் போன் கேமராவில் மொழிபெயர்ப்பைத் திறந்து சீட்டின்மேல் காட்டினால் போதும், அல்லது பக்கத்து மேஜையைக் காட்டி 'ச்செகே' (இது) என்று சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை. அப்புறம், வயதான கடைக்காரப் பாட்டிகள் தைவானிய மொழியில் 'ச்சியா பா புவே?' என்று கேட்டால் அது 'சாப்பிட்டாச்சா?' தான். நம்மைப் போலவே அவர்களும் அதை வணக்கத்துக்குப் பதிலாகக் கேட்கிறார்கள்.

மாமிசம் சாப்பிடாதவர்களுக்கு

தனியாகச் சொல்ல வேண்டியது இது. தைனானின் பிரபலப் பண்டங்களில் பத்தில் எட்டில் பன்றியோ மாடோ கடல் பிராணியோ இருக்கிறது. வெறும் கீரை வதக்கல் என்று நினைத்தால் அதன்மேல் பன்றிக்கொழுப்பு ஊற்றியிருப்பார்கள். மீன் கஞ்சியில்கூடப் பன்றி எலும்பு சேர்ந்திருக்கலாம். ஆகவே 'இதில் கறி இல்லையே?' என்று கேட்டு நம்பிச் சாப்பிடுவது சரிப்படாது.

ஆனால் பௌத்த மரபால் தைவானில் சைவக் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. பலகையில் 'சூ' (素) என்ற எழுத்தும், பல கடைகளில் ஸ்வஸ்திகா குறியும் இருக்கும். அந்த எழுத்தைப் போனில் படமாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், தேடுவது எளிது. 'வோ ச்சி சூ' என்றால் நான் சைவம். இந்தச் சைவம் நம்முடையதைவிடக் கறார், வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காதது. முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, வெங்காயம் பூண்டு சேர்ந்தது என்று தனித்தனி வகைகளாகப் பிரித்துப் பொட்டலங்களில் அச்சடிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மதியம் சைவப் பஃபே கடைகளுக்குப் போங்கள்: இருபது முப்பது வகை காய், டோஃபு, காளான் வைத்திருப்பார்கள், தட்டில் எடுத்துக் கொடுத்தால் எடை போட்டோ கண்ணால் பார்த்தோ விலை சொல்வார்கள். 100 டாலருக்கு வயிறு நிறையும். இனிப்பு, பழம், தேநீர், ஐஸ் வகைகள் அனைவருக்கும் பொது. அந்தப் பகுதியில் தைனானை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

ஹலால் வேண்டுகிறவர்களுக்கு ஊரில் பள்ளிவாசல் இருக்கிறது, ரயில் நிலையத்தைச் சுற்றி இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கான கடைகளும் உண்டு.

புதன்: மெல்ல ஊரைப் பழகுங்கள்

மதியம் வந்து பையைப் போட்டுவிட்டு முதலில் கன்பூசியஸ் கோயிலுக்குப் போங்கள். 1665-இல் கட்டியது, தைவானின் முதல் கன்பூசியப் பள்ளிக்கூடமும் இதுதான். சிவப்புச் சுவர், பெரிய பெரிய மரங்கள், அணில் ஓடும் புல்வெளி. வாசலுக்கு எதிரே ஒரு கல் தோரணவாயில், அதற்குள் நுழைந்தால் ஃபூஜோங் தெரு, சின்னச் சின்னத் தின்பண்டக் கடைகள். பயணக் களைப்புக்கு இந்த இடம் ஒத்தடம் மாதிரி.

அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் ஏழு சாலைகள் கூடும் பெரிய வட்டம். நடுவில் இருக்கும் பூங்காவுக்கு டாங் டெ-ச்சாங் என்ற வழக்கறிஞரின் பெயர். 1947-இல் அரசாங்கத்துக்கு எதிரான எழுச்சி அடக்கப்பட்டபோது, மார்ச் 13 அன்று அவரை இதே இடத்தில் சுட்டுக் கொன்றார்கள். ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். வட்டத்தின் ஓரத்தில் இருக்கும் அழகான கட்டடம் 1916-இல் ஜப்பானியர் கட்டிய மாவட்ட அலுவலகம், இப்போது தைவான் இலக்கிய அருங்காட்சியகம்.

வெளிச்சம் சாயும்போது ஹயாஷி பல்பொருள் அங்காடிக்கு வந்துவிடுங்கள். 1932-இல் திறந்தபோது லிஃப்ட் வைத்த ஐந்து மாடிக் கடை என்றால் தெற்குத் தைவானுக்கே அதிசயம். மொட்டைமாடியில் ஜப்பானியரின் சின்ன ஷிண்டோ கோயில் ஒன்று இருக்கிறது, இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சில் பிய்ந்த சுவரை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பொருள்கள் வாங்க நல்ல இடம், விலை கொஞ்சம் தூக்கல்தான்.

இரவுக்கு டான்ட்ஸை நூடுல்ஸ் ஒரு கிண்ணம், பிறகு ஒரு சவப்பெட்டி ரொட்டி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்: தடித்த ரொட்டியை எண்ணெயில் பொரித்து, நடுவைக் குடைந்து, பால் சேர்த்த கெட்டியான கோழி, கடல் பண்டக் குழம்பை ஊற்றி, வெட்டிய ரொட்டியையே மூடியாக வைத்துக் கொடுப்பார்கள். தைனானில் பிறந்த பண்டம். என்னைக் கேட்டால் ஒன்றை வாங்கி இரண்டு பேர் பகிர்ந்தால் போதும், ருசியைவிடக் கதைதான் பெரிது. அதற்குமேல் எதுவும் வேண்டாம், சீக்கிரம் படுங்கள். நாளைக்கு விடிகாலையில் வேலை இருக்கிறது.

வியாழன்: விடிகாலையிலிருந்து நள்ளிரவு வரை

ஐந்தரைக்கு எழுந்துவிடுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊரின் முதல் மரியாதை மாட்டிறைச்சி சூப்புக்குத்தான். ஷான்ஹுவா இறைச்சிக்கூடத்திலிருந்து இரவோடிரவாக வரும், உறையவே வைக்காத இறைச்சியை மெல்லிசாக அரிந்து பச்சையாகக் கிண்ணத்தில் வைத்து, கொதிக்கக் கொதிக்க எலும்புச் சாறை மேலே ஊற்றுவார்கள். மேஜைக்கு வரும்போது துண்டு இளஞ்சிவப்பாக இருக்கும், உடனே சாப்பிட வேண்டும். பேசிக்கொண்டிருந்தால் சாற்றின் சூட்டிலேயே வெந்து விறைத்துவிடும். இஞ்சி இழையும் சோயாவும் தொட்டுக்கொள்ளத் தருவார்கள். பல கடைகளில் சோறு இலவசம். எட்டு மணிக்குமேல் போனால் வரிசை, பத்துக்குமேல் போனால் என் கதிதான்.

மாடு சாப்பிடாதவர்களுக்கு அதே வேளையில் அதைவிடப் பிரமாதமான ஒன்று இருக்கிறது: சபாஹீ மீன் கஞ்சி. நம் ராமநாதபுரம் கடற்கரையில் பால் கெண்டை என்று சொல்லும் அதே மீன்தான். தைனானின் கரையோரம் முழுக்க இந்த மீனை வளர்க்கும் குளங்கள். 200-க்கும் மேல் பொடி முட்கள் உள்ள மீன், ஆனால் கடையில் முள் எடுத்துக் கொடுப்பார்கள். வயிற்றுத் துண்டைக் கேட்டு வாங்குங்கள், கொழுப்பு நெய்போல் கரையும். கூடவே, நீளமாகப் பொரித்த யூதியாவ் என்ற மாவுப் பண்டத்தைக் கஞ்சியில் முக்கிச் சாப்பிட வேண்டும். எனக்கு மூன்று நாளும் காலையில் இதுவே போதும்.

சாப்பிட்டு முடித்து ஷுய்சியான்கோங் சந்தைக்குள் நடங்கள். ஒரு பழைய கோயிலைச் சுற்றிச் சந்தை வளர்ந்து கோயிலையே விழுங்கிவிட்டது, மீன்கடைகளுக்கு நடுவே திடீரென்று சாமி தெரியும். அடுத்தது குவோஹுவா தெரு. பத்து மணிக்குள் போய்விட்டால் நிம்மதி. இங்கே முதலில் வா குய்: அரிசியை ஊறவைத்து அரைத்த மாவைக் கிண்ணத்தில் ஊற்றி, பன்றி, இறால், காளான் சேர்த்து ஆவியில் வேகவைத்தது. இட்லி பழகிய கைக்கு இதன் பக்குவம் உடனே புரியும், ஆனால் புளிக்கவைப்பதில்லை, அதனால் கெட்டியாக, களிபோல இருக்கும். மேலே பூண்டு சேர்த்த இனிப்புச் சோயாச் சாந்து. பிறகு மெல்லிய ரொட்டியில் காயும் கறியும் நிலக்கடலைப் பொடியும் சர்க்கரையும் வைத்துச் சுருட்டிய பொரிக்காத சுருள். கடலைப் பொடியும் சர்க்கரையுமா என்று தோன்றும், ஒரு கடி கடித்துப் பாருங்கள்.

வெயில் ஏறுவதற்குள் ச்சிகான் கோபுரம். டச்சுக்காரர் 1653-இல் கட்டிய ப்ரொவின்ஷியா கோட்டையின் அடித்தளத்தின்மேல் பிற்காலச் சீன மண்டபங்கள் நிற்கின்றன. முன்னால் ஒன்பது கல் ஆமைகள் முதுகில் சாசனங்களைச் சுமந்து வரிசையாக நிற்கும். எதிர்ப்புறம் போர்க்கடவுள் கோயில், அதன் நீண்ட சிவப்புச் சுவர்தான் இந்த ஊரிலேயே எனக்குப் பிடித்த சுவர். பக்கத்துச் சந்தில் கடல் அன்னை மாஸூவின் பெரிய கோயில். மிங் வம்சத்துக் கடைசி இளவரசர் ஒருவரின் மாளிகை அது, 1684-இல் கோயிலானது. கோயில்களில் ஒரு முறை இருக்கிறது: நீங்கள் கோயிலைப் பார்த்து நிற்கும்போது வலது வாசல் வழியாக நுழைந்து இடது வாசல் வழியாக வெளியே வர வேண்டும், நிலைப்படியை மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் போக வேண்டும்.

நேரம் இருந்தால் நகரக் காவல் கடவுள் கோயிலையும் பாருங்கள். உள்ளே பிரம்மாண்டமான மணிச்சட்டம் ஒன்று தொங்குகிறது, வாழ்நாளில் செய்த நல்லது கெட்டதைக் கணக்குப் பார்க்க. கூடவே ஒரு பலகை: 'வந்துவிட்டாயா'. காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தன் கோயிலைப் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டு சாமிகளுக்கும் ஒரே உத்தியோகம் என்று தெரிந்துவிடும்.

பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை சமையல் கடைகள் மூடியிருக்கும், அது ஐஸுக்கும் பழத்துக்குமான வேளை. ச்சிகான் பக்கத்தில் பூசணித் தேநீர் குடியுங்கள், பூசணிக்காயையும் சர்க்கரையையும் மணிக்கணக்கில் காய்ச்சி எடுப்பது, தேயிலையே கிடையாது. பிறகு ஏதாவது ஒரு பழக்கடையில் உட்கார்ந்து தக்காளித் தட்டு வாங்குங்கள். வெட்டிய தக்காளிக்குத் தொட்டுக்கொள்ள, கெட்டிச் சோயாவில் அரைத்த இஞ்சியும் சர்க்கரையும் அதிமதுரப் பொடியும் கலந்து தருவார்கள். தெற்குத் தைவானுக்கு வெளியே இதைப் பார்ப்பது அரிது. சைவம், மலிவு, வெயிலுக்கு இதைவிட நல்லது இல்லை. பருவம் என்றால் மாம்பழ ஐஸ், சீவிய பனிமேல் பழத் துண்டுகள் மலையாக. ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குக் காணும்.

மெல்லும் உருண்டைகள் போட்ட பால் தேநீரான பபிள் டீ பற்றியும் ஒரு வார்த்தை. 1986-இல் தங்கள் கடையில்தான் பிறந்தது என்று தைனானின் ஹான்லின் தேநீர்க்கடை சொல்கிறது, இல்லை எங்களுடையது என்று தைச்சுங் நகரின் ச்சுன் ஷுய் தாங் சொல்கிறது. பத்து வருடம் வழக்கு நடந்து, யார் வேண்டுமானாலும் போடக்கூடிய பானம் இது, முதலில் போட்டது யார் என்று தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை என்று 2019-இல் நீதிமன்றம் முடித்துவிட்டது. உருண்டைகள் மரவள்ளி மாவில் செய்தவை, நம் சேலத்து ஜவ்வரிசிக்கு அண்ணன்.

மாலை ஷென்னோங் தெரு. ஒரு காலத்தில் கால்வாய்கள் இந்த வீடுகளின் பின்வாசல்வரை வந்தன, சரக்கு படகிலிருந்து நேராக வீட்டுக்குள் ஏறும். மாடிமுகப்பு மரவீடுகள், விளக்குகள், தெருக்கோடியில் மருந்துக் கடவுளின் கோயில். ஏழு மணிக்குமேல் பூந்தோட்டச் சந்தைக்கு டாக்ஸி பிடியுங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் கடையில் வாங்கிவிடாமல் ஒரு சுற்று முழுக்கப் பார்த்துவிட்டு, எந்தக் கடைமுன் ஊர்க்காரர்கள் வரிசையில் நிற்கிறார்களோ அங்கே நில்லுங்கள். சிப்பி ஆம்லெட், பொரித்த காளான், வறுத்த கணவாய், சக்கரவள்ளிக்கிழங்கு உருண்டை. கிழங்கு உருண்டை சூடாக இருக்கும்போதே சாப்பிடுங்கள், ஆறினால் உள்ளே இருக்கும் காற்று போய்ச் சப்பையாகிவிடும்.

வெள்ளி: அன்பிங்

அன்பிங் என்பது தைனானின் பழைய துறைமுகம், பஸ்ஸில் போகலாம், வாடகை சைக்கிள் எடுத்துக் கால்வாய் ஓரமாகவும் போகலாம். காலையில் முதல் வேலை கோட்டை. 1624-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே காலூன்றிக் கட்டத் தொடங்கியது ஜீலாண்டியா கோட்டை. அதே கம்பெனி அதற்குப் பதினோரு வருடம் முன்னால், 1613-இல், நம் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியிருந்தது. 1661-இல் மிங் வம்சத்துத் தளபதி கோஷிங்கா படையோடு வந்து ஒன்பது மாதம் முற்றுகையிட்டு, 1662 பிப்ரவரியில் டச்சுக்காரரை வெளியேற்றினார். இப்போது மேலே இருக்கும் கட்டடமும் காவல் கோபுரமும் பிற்காலத்தவை. அதைப் பார்த்து ஏமாந்து திரும்பிவிடாதீர்கள். கோட்டைக்கு வெளியே ஆலமர வேர்கள் பின்னிய செங்கல் சுவர் ஒன்று நிற்கிறது, அதுதான் அசல். சர்க்கரைப்பாகு, பசையரிசிக் கஞ்சி, பொடித்த சிப்பி ஓடு மூன்றையும் கலந்த சாந்தால் கட்டியது. சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் சேர்த்துக் கட்டிய வீட்டில் வளர்ந்தவர்கள் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்காமல் வர மாட்டார்கள்.

அடுத்து மரவீடு. பழைய உப்புக் கிடங்கு, கூரை போய், ஆலமரங்கள் விழுதும் வேருமாகச் சுவர்களை அணைத்து அதுவே கூரையாகிவிட்டது. மேலே நடைபாலம் போட்டிருக்கிறார்கள். மழை பெய்து விட்ட நேரத்தில் போனால் இன்னும் அழகு. கொசு மருந்து அவசியம்.

யான்பிங் தெருவில் இறால் வற்றல் வாங்கலாம், வீட்டு முகப்புகளில் வாயில் வாளைக் கவ்விய சிங்கமுகத்தைத் தேடலாம், தீய சக்தியை விரட்ட வைப்பது. மதியத்துக்குப் பொரித்த இறால் சுருள். சூடாக, பச்சைக் காரச் சாந்தோடு, உள்ளே முழு இறாலும் வெங்காயமும். கடைசியில் டௌஹுவா, மென்மையான டோஃபுவைச் சர்க்கரைப் பாகிலோ பாலிலோ போட்டுச் செம்பயறோடு கொடுப்பது. இதுவும் சைவர்களுக்கு ஆகும், ஒரு சொட்டுக் கவலை இல்லாமல்.

மூன்று மணிவாக்கில் சிசாவோ. அங்கே தாஜோங் கோயிலுக்குப் பின்னாலிருந்து படகு புறப்படும், அலையாத்தி மரங்கள் இரண்டு கரையிலிருந்தும் வளைந்து மேலே பச்சைக் கூரை போட்டிருக்கும், அரை மணி நேரச் சவாரி. பிச்சாவரம் போனவர்கள் இது அதைவிட மிகச் சிறியது என்பார்கள். உண்மைதான், ஆனால் வெயில் இலைகள் வழியே தண்ணீரில் விழும் ஒரு வளைவு இருக்கிறது, அதற்காகவே போகலாம். குளிர்காலத்தில் இன்னும் வடக்கே ச்சிகூ கழிமுகத்தில் கறுப்புமுகக் கரண்டிவாயன் பறவைகள் வந்திருக்கும், பறவை ஆர்வலர்கள் டாக்ஸி பேசி அரைநாள் ஒதுக்கலாம். அதையும் தாண்டி பெய்மென் பக்கம் ஜிங்ஸைஜியாவ் உப்பளம், உடைந்த பானை ஓடுகளைத் தரையாகப் பதித்த பாத்திகள், அந்தியில் வானம் முழுக்க அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும்.

தூரம் வேண்டாம் என்றால் அன்பிங் கடற்கரையிலேயே சூரியன் மறைவதைப் பாருங்கள், மேற்குப் பார்த்த கடல். இரவுக்கு ஊருக்குள் திரும்பி விலாங்கு நூடுல்ஸ்: இரும்புச் சட்டியில் தீ மேலே எழும்ப எழும்ப வதக்கி, புளிப்பும் இனிப்புமான கெட்டிச் சாறில் போடுவது. விலாங்கு மொறுமொறுவென்று இருக்க வேண்டும், சவசவ என்றிருந்தால் கடை சரியில்லை.

சனி: போகிற வழியில்

கடைசியாக ஒரு கிண்ணம் மீன் கஞ்சி. பிறகு பையோடு ரயில் ஏறி, ஷாலுன் போகும் வழியில் பாவோஆன் நிலையத்தில் இறங்குங்கள். ஜப்பானியர் காலத்து மர நிலையம். அங்கிருந்து பதினைந்து நிமிட நடையில் ச்சிமெய் அருங்காட்சியகம், தொழிலதிபர் ஷு வென்-லோங் தன் சொந்தச் சேகரிப்பை ஊருக்கென்று திறந்துவைத்தது. ஸ்ட்ராடிவாரி, குவார்னெரி என்ற புகழ்பெற்ற பழைய இத்தாலியக் கைவினைஞர்கள் செய்தவை உள்பட வயலின்களின் பெரும் தொகுப்பு இங்கே இருக்கிறது, கர்நாடக சங்கீத வயலின் கேட்டு வளர்ந்தவர்கள் இரண்டு மணி நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். வார இறுதியில் நுழைவுச்சீட்டை முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள்.

திரும்பி வரும்போது நிலையக் கவுன்ட்டரில் யோங்காங்கிலிருந்து பாவோஆன் வரைக்குமான அட்டை டிக்கெட் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பயணம் செய்ய இல்லை. இரண்டு ஊர்ப் பெயர்களின் நான்கு எழுத்தையும் சேர்த்துப் படித்தால் 'என்றும் நலமாக, பத்திரமாக' என்று பொருள் வரும். தைவான்காரர்கள் அதை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்கிறார்கள். என்னுடையது இன்னும் பர்ஸில்தான் இருக்கிறது.